டவுன் ட்யூபுக்குள்ள லொடலொடன்னு அடிக்கிற கேபிள்: ஃபோம் போடுறதுக்கு முன்னாடி

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: ஃபுல் சஸ்பென்ஷன் எம்டிபி (முன்னும் பின்னும் ஷாக் வச்ச மலை சைக்கிள்), கேபிள் எல்லாம் ஃப்ரேமுக்குள்ள ஓடுது, கல்லும் வேரும் இருக்கிற இறக்கத்துல விட்டா டவுன் ட்யூப் (ஹேண்டில் பக்கத்துல இருந்து பெடல் பக்கம் இறங்குற தடிச்ச குழாய்) பக்கத்துல இருந்து லொடலொடன்னு சத்தம், கடையில கேட்டா "உள்ள ஃபோம் போடணும், அதுக்கு பின் பிரேக்கைக் கழட்டி ப்ளீட் (ஆயில்ல இருக்கிற காத்தை வெளியேத்துறது) பண்ணணும்"னு சொல்றாங்க, பிரேக்குல கை வைக்காம வீட்லயே நிறுத்த வழி இருக்கா. இதுக்குள்ள உண்மையில ரெண்டு கேள்வி இருக்கு. நிறுத்த முடியுமாங்கறது ஒண்ணு. அது கேபிள் சத்தம்தானாங்கறது இன்னொண்ணு, அதை நீங்களும் கேக்கல, கடைக்காரரும் கேட்ட மாதிரி தெரியல. நான் ரெண்டாவதுல இருந்துதான் ஆரம்பிப்பேன், அதைக் கேக்காம விட்டு நானே பட்டிருக்கேன்.

சைக்கிள் ரிப்பேர் வேலைக்கு வந்த புதுசு. ஒருத்தர் இதே கதையோட ஒரு வண்டி கொண்டு வந்தார், கேபிள் உள்ள ஆடுதுன்னு அவரே முடிவு பண்ணி வந்தார், நானும் தலையை ஆட்டிட்டேன். பிரேக் ஹோஸை (பிரேக் ஆயில் ஓடுற குழாய்) உருவி, ஃபோம் மாட்டி, திரும்ப உள்ள விட்டு, பிரேக்கை ப்ளீட் பண்ணி முடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க போச்சு. வெளிய எடுத்துட்டுப் போய் ரெண்டு படிக்கட்டுல இறக்கிப் பார்த்தா அதே லொடலொட, ஒரு இழை கூட குறையல. கடுப்புல முன் பிரேக் லீவரை ஒரு விரலால லேசா தொட்டேன், சத்தம் டக்குனு நின்னுபோச்சு. காலிப்பருக்குள்ள பிரேக் பேட் ஆடிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான். சூடு தணிக்க பின்னால அலுமினிய இறக்கை வச்ச பேட் அது, அந்த மாதிரி பேட் கொஞ்சம் தளர்வா உக்காந்திருந்தாலே கிலுகிலுப்பை மாதிரி கத்தும். அந்த சாயங்காலத்துக்கு நான் கூலி வாங்கல, வாங்கவும் முடியாதுல்ல.

அதனால முதல்ல சத்தத்தைப் பிடிங்க. கரடுமுரடா ஆனா பயமில்லாத ஒரு சின்ன இறக்கத்தை எடுத்துக்கோங்க, எப்பவும் அதே இடம், அதே வேகம். முதல் தடவை முன் பிரேக்கை பேட் டிஸ்க்கைத் தொடுற அளவுக்கு மட்டும் லேசா தொட்டுட்டே இறங்குங்க, அடுத்த தடவை பின் பிரேக். சத்தம் நின்னா பேட்தான், பேட்டுக்கு நடுவுல இருக்கிற ஸ்ப்ரிங் சரியா உக்காந்திருக்கா, பேட் பின்னு இறுகி இருக்கான்னு பாருங்க, அப்பவும் அடிச்சா இறக்கை இல்லாத சாதா பேட்டுக்கு மாறிடுங்க. அடுத்து செயின். குயிக் லிங்க்கைப் பிரிச்சு செயினை மொத்தமா கழட்டிட்டு அதே இறக்கத்துல மிதிக்காம இறங்கிப் பாருங்க, இதை விட தெளிவான சோதனை கிடையாது. செயின் இல்லாம வண்டி அமைதியா இருந்தா பிரச்சினை செயின் ஸ்டேல (பின் சக்கரத்துக்குப் போற ஃப்ரேம் குழாய்) செயின் அடிக்கிறது, கேபிள் இல்ல. ஷிமானோ டிரெய்லர்ல (பின்னால செயினை நகர்த்தி கியர் மாத்துற பாகம்) ஷேடோ ப்ளஸ்னு போட்டிருந்தா பக்கவாட்டுல ஒரு சின்ன லீவர் இருக்கும், செயினை ஆடாம இறுக்கிப் பிடிக்கிற கிளட்ச்சை ஆன் ஆஃப் பண்றதுக்கு. பின் சக்கரத்தைக் கழட்டுறப்போ அதை ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஆன் பண்ண மறந்துட்டு "கேபிள் அடிக்குது"ன்னு வந்தவங்க நிறைய பேர். ஸ்ராம் கம்பெனி டிரெய்லர்ல அந்த ஆன் ஆஃப் லீவர் கிடையாது, அதனால இந்த மறதியும் கிடையாது, ஆனா கிளட்ச் தேஞ்சு தளர்ந்து போறது எதுலயும் நடக்கும்.

இது ரெண்டும் இல்லைன்னா சில்லறை சந்தேகங்கள்: பாட்டில் கேஜ் ஸ்க்ரூ, சீட்டுக்கு அடியில தொங்குற பையில இருக்கிற டூல், வால்வு அடியில ரிம்மைப் பிடிக்கிற நட்டு, ட்யூப்லெஸ் டயருக்குள்ள சீலன்ட் காஞ்சு உருண்டையாகி உருளுறது, ஹெட்செட்ல (ஹேண்டில் திரும்புற பேரிங்) ஆட்டம். எல்லாத்தையும் கையால ஆட்டிப் பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகும். ஹெட்செட் ஆட்டம் மட்டும் சத்தத்தோட நிக்காது, அப்படியே ஓட்டினா பேரிங்கும் அது உக்காந்திருக்கிற இடமும் கெட்டுப்போகும், அது இருந்தா மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதைச் சரி பண்ணுங்க.

சரி, இதெல்லாம் பார்த்தாச்சு, கேபிள்தான்னு வைங்க. வெளிய அடிக்குதா உள்ள அடிக்குதான்னு அடுத்து பிரிக்கணும், ஏன்னா வெளிய அடிக்கிற சத்தத்தையும் டவுன் ட்யூப் வாங்கி பெருசாக்கித்தான் கொடுக்கும், காதுக்கு உள்ள இருந்து வர்ற மாதிரியே கேக்கும். கூட ஒருத்தரை வச்சுக்கோங்க. அவர் முன் சக்கரத்தை ஒரு சாண் உயரம் தூக்கி விடட்டும், நீங்க ஹெட் ட்யூப் (ஹேண்டிலுக்குக் கீழ இருக்கிற ஃப்ரேம் குழாய்) முன்னாடி தொங்குற கேபிள் கொத்தை கைல சேர்த்துப் பிடிங்க. பிடிச்சதும் சத்தம் செத்துப்போனா வெளிய. பிடிச்சும் வருதுன்னா டவுன் ட்யூப் மேல உள்ளங்கையை வச்சுப் பாருங்க, உள்ள தட்டுறது கைக்கே தெரியும். இன்னொரு நல்ல அடையாளம், ஹேண்டில் பாரை இடது வலதா திருப்பி வச்சு அதே மாதிரி தூக்கி விட்டா சத்தம் கூடும் குறையும், திருப்பும்போது ஹவுசிங் (கேபிளை மூடியிருக்கிற உறை) உள்ள தள்ளப்படும் இல்ல வெளிய இழுபடும், தொய்வு மாறும், சத்தமும் மாறும். பேட் சத்தமோ செயின் சத்தமோ ஹேண்டிலைத் திருப்பினா மாறாது.

வெளிய அடிக்கிறதுன்னா சந்தோஷப்படுங்க, அரை மணி நேர வேலை. பெரும்பாலும் காரணம் ஹவுசிங் தேவைக்கு மேல நீளமா இருக்கிறது. கம்பெனில பெரிய சைஸ் ஃப்ரேமுக்கும் உயரமான ஹேண்டிலுக்கும் சேர்த்து தாராளமா விட்டிருப்பாங்க, வாங்கினவர் ஸ்டெம்மை மாத்துவார், பாரை வெட்டுவார், ஹவுசிங் மட்டும் அப்படியே வளையம் வளையமா நிக்கும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பினாலும் இழுபடாத அளவுதான் வேணும், அதுக்கு மேல இருக்கிற ஒவ்வொரு விரற்கடையும் சும்மா ஆடுறதுக்குத்தான். கியர் ஹவுசிங்கையும் டிராப்பர் (லீவரை அமுக்கி சீட்டை ஏத்தி இறக்குற போஸ்ட்) ஹவுசிங்கையும் நீங்களே வெட்டலாம், நல்ல கேபிள் கட்டர் இருக்கணும், சாதா கட்டிங் ப்ளேயர்ல வெட்டினா முனை நசுங்கி கியர் விழறது மோசமாகும். வெட்ட மனசு வரலைன்னா கட்டுங்க. ரெண்டு ஹவுசிங் ஒண்ணையொண்ணு தொடுற இடம் எதுன்னு பாருங்க, அங்க ஒட்டுப் பசை இல்லாம தனக்குத்தானே ஒட்டிக்கிற சிலிக்கோன் டேப் விக்குதே, அதை ரெண்டையும் சேர்த்து நாலஞ்சு சுத்து, அவ்வளவுதான். ஜிப் டையும் போடலாம், ஆனா நசுக்கற மாதிரி இறுக்காதீங்க, கியர் ஹவுசிங்குக்குள்ள நீளவாக்குல கம்பி இழைதான் ஓடுது, நசுங்கினா உள்ள கேபிள் உரசும். இறுக்கினதும் வாலை ஒட்ட வெட்டுங்க, பாதில வெட்டின ஜிப் டை முனை பிளேடுதான், முட்டியில கீறி ரத்தம் வந்தப்புறம்தான் நம்ம ஆளுங்களுக்கு இது புரியும். கட்டினதும் ஹேண்டிலை முழுசா ரெண்டு பக்கமும் திருப்பி எதுவும் இழுக்கலைன்னு பார்த்துட்டு, ஹவுசிங் ஃப்ரேமைத் தொடுற இடத்துல ஒளி ஊடுருவுற பாதுகாப்பு ஃபிலிம் ஒரு துண்டு ஒட்டிடுங்க. இது சத்தத்துக்கு மட்டுமில்ல. ஹவுசிங் மேல படியிற மண்ணு உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும், பெயின்ட் போகும், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிச்சு மேல கீழ அசையிற பகுதி) கிட்ட உரசினா அலுமினியத்துலயே பள்ளம் விழும், நான் கண்ணால பார்த்திருக்கேன்.

இப்ப உள்ள அடிக்கிறதுக்கு வர்றேன், நீங்க கேட்டதும் அதுதானே. கியர் ஹவுசிங் சுமார் 4 மி.மீ. தடிமன், பிரேக் ஹோஸ் சுமார் 5 மி.மீ., அதை வச்சிருக்கிற டவுன் ட்யூப் அதைப் போல பத்து மடங்கு அகலம், உள்ள வெறும் காத்து. மேல ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை, ரெண்டுக்கும் நடுவுல முக்கா முழத்துக்கு மேல பிடிமானமே இல்லாம ஹவுசிங் தொங்குது. குலுங்கும்போது நடுப்பகுதிதான் அதிகமா வீசும், மெல்லிசான சுவர்ல போய் அடிக்கும், ட்யூப் மத்தளம் மாதிரி அதை வாங்கி வெளிய விடும். சில ஃப்ரேம்ல கம்பெனியிலேயே உள்ளுக்குள்ள தனிக் குழாய் வச்சு அதுக்குள்ள ஹவுசிங்கை ஓட்டுவாங்க, ஒரு ஓட்டையில விட்டா தானா மறு ஓட்டையில வந்துடும், அந்த மாதிரி ஃப்ரேம்ல இந்தப் பிரச்சினை பொதுவா வராது, வந்தா குழாய் வாயில வர்ற சின்ன ஆட்டம்தான். உங்களுது வெறும் ஓட்டை வகைன்னுதான் நீங்க சொல்றதுல இருந்து தெரியுது. இதுக்கு மருந்து ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு தொய்வை எடுக்கணும், இல்லைன்னா மெத்தை போடணும். எல்லாரும் நேரா மெத்தைக்கு ஓடுறாங்க. தொய்வை எடுக்கறதுக்கு ஒரு அலன் கீயைத் தவிர வேற எதுவும் தேவையில்ல.

எப்படின்னா, மேல ஹெட் ட்யூப் கிட்ட ஹவுசிங் உள்ள போற இடத்துலயும் கீழ பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு இருக்கிற இடம்) கிட்ட வெளிய வர்ற இடத்துலயும் மூடி மாதிரி ஒரு போர்ட் இருக்கும், பல ஃப்ரேம்ல சின்ன ஸ்க்ரூ வச்சு ஹவுசிங்கைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி. ரெண்டையும் தளர்த்துங்க. முதல்ல கீழ் போர்ட்டை இறுக்கிடுங்க, அப்புறம் மேல இருந்து ஹவுசிங்கை வெளிய இழுத்து, நேரா விறைச்சு நிக்கும்போது மேல் போர்ட்டை இறுக்குங்க. கம்பி வேலிக்கு முறுக்கேத்துற மாதிரி இழுக்க வேணாம், தொங்கல் போனா போதும். போர்ட் வெறும் ரப்பர் மூடியா இருந்து பிடிக்காம வழுக்கினா, அந்த இடத்துல ஹவுசிங் மேல இன்சுலேஷன் டேப்போ பழைய ட்யூப்ல வெட்டின ரப்பர் பட்டையோ ரெண்டு மூணு சுத்து சுத்திட்டு மூடியை அழுத்தி உக்கார வைங்க. இதுலயும் அடங்காத சில ஃப்ரேம்ல நான் நேர் எதிரா பண்ணியிருக்கேன், இழுக்கறதுக்குப் பதிலா ஹவுசிங்கை கொஞ்சம் கூடுதலா உள்ள தள்ளிடுவேன், அது வில்லா வளைஞ்சு ட்யூப் சுவர்ல முட்டுக் கொடுத்து நிக்கும், முட்டிட்டு இருக்கிறது தட்டாது. சில வண்டியில அருமையா வேலை செஞ்சது, சிலதுல சத்தம் இன்னும் கூடுச்சு, ட்யூப் வடிவத்தைப் பொறுத்தது. செலவில்லாத வேலைங்கறதால ரெண்டு விதமும் முயற்சி பண்ணிப் பாருங்க.

ஃபுல் சஸ்பென்ஷன்ல ஒரே ஒரு எச்சரிக்கை, இதுல விளையாடாதீங்க. கீழ் போர்ட்ல இருந்து ஸ்விங் ஆர்முக்குப் போற இடத்துல மெயின் பிவட் (ஸ்விங் ஆர்ம் அசையிற மூட்டு) கிட்ட ஒரு வளைவு விட்டிருப்பாங்க, அந்தத் தொய்வு தேவையான தொய்வு. சஸ்பென்ஷன் அமுங்கும்போது அந்த தூரம் மாறும். அதையும் சேர்த்து இழுத்துட்டீங்கன்னா ஒரு பெரிய பள்ளத்துல இறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடும், பிச்சுக்கவும் செய்யலாம். அதனால இழுத்துக் கட்டினதும் ஷாக்கோட பிரஷர் எவ்வளவுன்னு குறிச்சு வச்சுட்டு, சீட்டை மெதுவா அமுக்கி அமுக்கி விட்டுட்டே காத்தை இறக்குங்க, ஒரேடியா இறக்காதீங்க, சில ஷாக் அப்படியே கீழ ஒட்டிக்கும். காத்து போனதும் பின் சக்கரத்தை முழு டிராவலும் மேலயும் கீழயும் கொண்டு போய் அந்த வளைவைக் கண்ணால பாருங்க. எந்த நிலையிலயும் ஹோஸ் இறுகக்கூடாது, செயின் ரிங்கையும் டயரையும் தொடவும் கூடாது.

அப்புறம் ஒண்ணு கேக்கணும், சமீபத்துல சீட் போஸ்ட்டை ஃப்ரேமுக்குள்ள கொஞ்சம் இறக்கினீங்களா, இல்ல டிராப்பர் புதுசா மாட்டினீங்களா? டிராப்பர் ஹவுசிங் போஸ்ட்டோட அடியில மாட்டியிருக்கு, போஸ்ட்டை நாலு விரல் இறக்கினா நாலு விரல் ஹவுசிங் உபரியாகி சீட் ட்யூப்லயும் டவுன் ட்யூப்லயும் போய் சுருண்டுக்கும். நேத்து வரைக்கும் அமைதியா இருந்த வண்டி இன்னைக்கு திடீர்னு லொடலொடன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது இதைத்தான். போஸ்ட்டை இறக்கும்போது இன்னொரு கையால முன்னாடி இருந்து ஹவுசிங்கை இழுத்துக்கிட்டே இறக்கணும், ஏற்கனவே இறக்கியாச்சுன்னா இப்ப இழுங்க, ஒரு முழம் வெளிய வந்தா ஆச்சரியப்படாதீங்க.

இவ்வளவும் பண்ணியும் அடிக்குதுன்னா மெத்தை. இங்கதான் உங்க கடைக்காரர் சொன்னதுல பாதிதான் சரி. உள்ள ஓடுறது பிரேக் ஹோஸ் மட்டுமில்லையே, கியர் ஹவுசிங்கும் டிராப்பர் ஹவுசிங்கும் கூடத்தான், அதுக்கு ரெண்டுக்கும் ப்ளீட் எதுவும் வேணாம், உள் கேபிளை முனையில கழட்டிட்டு ஹவுசிங்கை வெளிய எடுத்து ஃபோம் குழாயை மாட்டி திரும்ப விடலாம். அது ரெண்டுக்கும் ஃபோம் போட்டாலே உள்ள இடம் அடைஞ்சுபோய் நடுவுல மாட்டிக்கிற பிரேக் ஹோஸும் அடங்கிடும், பல தடவை எனக்கு அப்படித்தான் முடிஞ்சிருக்கு, ஆனா எல்லா ஃப்ரேம்லயும் அப்படியே நடக்கும்னு உறுதி கொடுக்க மாட்டேன், ட்யூப் ரொம்ப அகலமா இருந்தா ஹோஸுக்கு இன்னும் வீச இடம் இருக்கும். ஹவுசிங்கை உருவுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: உள்ள வழி காட்ட ஏதாவது விட்டுட்டுத்தான் உருவணும். உள் கேபிளை முனையில இருந்து கழட்டி, அதை அப்படியே உள்ள விட்டுட்டு, ஹவுசிங்கை மட்டும் அது மேல சறுக்கி வெளிய எடுத்துட்டு, ஃபோம் போட்ட ஹவுசிங்கை அதே கேபிள் மேல திரும்ப ஏத்தினா தானா வெளிய வந்து நிக்கும். இதைப் பண்ணாம மொத்தமா உருவிட்டு அப்புறம் டார்ச்சும் காந்தமும் வச்சு ஓட்டைக்குள்ள மீன் பிடிக்கிறவங்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன், நானும் பிடிச்சிருக்கேன். வழி தவறிட்டா ஒரு நூலை மேல் ஓட்டையில விட்டு கீழ் ஓட்டையில வாக்யூம் கிளீனரை வச்சு உறிஞ்சுங்க, நூல் வந்துடும், நூலோட கேபிளைக் கட்டி இழுத்துக்கலாம்.

ஃபோம் குழாய்ல ரெண்டு விஷயம் பாருங்க. துளை ஹவுசிங்கை லேசா கவ்வணும், லூஸா இருந்தா போர்ட்ல தள்ளும்போது சாக்ஸ் மாதிரி சுருங்கி வாயிலயே அடைச்சுக்கும். அப்புறம் தண்ணி குடிக்காத வகையா இருக்கணும், ஒரு துண்டை தண்ணியில அமுக்கிப் பிழிஞ்சா தெரிஞ்சுடும், ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சுதுன்னா வேணாம், ஒவ்வொரு தடவை கழுவும்போதும் ஃப்ரேமுக்குள்ள ஈரத்துணியை வச்ச மாதிரிதான், ஸ்டீல் ஃப்ரேம்னா துரு நிச்சயம். உள்ள போக மறுத்தா சோப்புத் தண்ணி தடவுங்க, எண்ணெய் கிரீஸ் வேணாம். பிரேக் ஹோஸுக்கே போட்டாகணும்னா, பாட்டம் பிராக்கெட் அடியில பெரிய மூடி இருக்கிற ஃப்ரேமா இருந்தா ஃபோமை நீளவாக்குல பிளேடால கீறி, ஹோஸ் மேல மாட்டி, மூடி வழியா மேல தள்ளிட்டே போகலாம், ஹோஸைக் கழட்ட வேணாம். முழு நீளமும் போகாது, தேவையும் இல்ல, வீசுற நடுப்பகுதி வரைக்கும் போனா போதும்.

ஜிப் டை வித்தையும் கேள்விப்பட்டிருப்பீங்க: ஒரு சாணுக்கு ஒரு இடத்துல மூணு ஜிப் டை, மூணும் மூணு திசை பார்க்கிற மாதிரி, வாலை வெட்டாம அப்படியே விட்டு உள்ள தள்ளுறது. வால் சுவர்ல முட்டிக்கிட்டு ஹோஸை நடுவுல நிறுத்தும். வேலை செய்யும், எடை எதுவும் கிடையாது, தண்ணியும் தேங்காது. ஆனா அடுத்த தடவை ஹோஸ் மாத்தும்போது எதிர்ப்பக்கமா இழுத்தா வால் எல்லாம் மீன் முள்ளு மாதிரி மாட்டிக்கும், எந்தப் பக்கமா உள்ள போச்சோ அதே திசையில முன்னாடி தள்ளித்தான் வெளிய எடுக்கணும். இது தெரியாம இன்னொருத்தர் போட்ட வண்டியில நான் அரை நாள் மல்லுக்கட்டியிருக்கேன். போட்டீங்கன்னா எங்கயாவது எழுதி வைங்க.

பிரேக் ஹோஸை லீவர்ல இருந்து கழட்டியே ஆகணும்ங்கற நிலை வந்தா அதை மட்டும் கடைக்கு விடுங்கன்னுதான் சொல்வேன், ப்ளீட் கிட் வச்சிருந்து பழக்கம் இருந்தா தவிர. திரும்ப மாட்டும்போது ஹோஸ் முனையில இருக்கிற ஆலிவும் பார்பும் (ஹோஸ் கசியாம பிடிக்கிற சின்ன துண்டுகள்) புதுசு போடணும், ஆயில் உங்க பிரேக்குக்கு உரியதா இருக்கணும். ஷிமானோ மினரல் ஆயில், ஸ்ராம் பல வருஷமா டாட் ஃப்ளூயிட், ஆனா மேவன் மாதிரி புது மாடல்ல அவங்களும் மினரலுக்கு வந்துட்டாங்க, அதனால பேரை நம்பாம லீவர் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. மாத்தி ஊத்தினா உள்ள இருக்கிற ரப்பர் சீல் கெட்டுப்போகும், டாட் பெயின்ட் மேல பட்டா பெயின்ட்டும் போகும். கதவு சந்து அடைக்கிற ஸ்ப்ரே ஃபோமை டவுன் ட்யூபுக்குள்ள அடிச்சு விடலாமான்னு ஒருத்தர் கேட்டார், தயவுசெஞ்சு வேணாம், அது காஞ்சு இறுகினதும் எந்த கேபிளையும் மாத்த முடியாது, தண்ணி வடியிற ஓட்டையும் அடைஞ்சிடும்.

உள்ள தட்டுறதால ஃப்ரேம் கெட்டுப்போகுமான்னு பயமா இருந்தா, எரிச்சல் மட்டும்தான், தட்டுறது ஃப்ரேமை உடைச்சதா நான் பார்த்ததில்ல. போர்ட் வாயில உரசுற இடத்தை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்க, ஹோஸ் மேல் தோல் தேஞ்சு உள் பின்னல் தெரிஞ்சா ஹோஸை மாத்தணும். கடைசியா ஒண்ணு, உங்க வண்டி கேபிள் எல்லாம் ஹெட்செட் வழியாவே உள்ள போற வகைன்னா நான் போர்ட்டைப் பத்திச் சொன்ன பாதி பொருந்தாது. அதுல மேல பிடிச்சு இறுக்க போர்ட்டே இல்ல, ஹெட் ட்யூபுக்குள்ளயே ஸ்டீரர் (ஃபோர்க்கோட மேல் குழாய்) மேல தட்டும், பிரிக்கணும்னா ஃபோர்க்கையே கழட்டணும். அதுதான்னா ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, ஹெட் ட்யூப் மேல் பக்கமும் பாட்டம் பிராக்கெட் அடிப்பக்கமும் தெரியிற மாதிரி, பார்த்துட்டு சொல்றேன்.